ஊரடங்கில் உடம்பும் மனசும் கெடாமல் இருக்க: எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது

ஊரடங்கு அறிவித்த மறுநாளே பல வீடுகளில் சுவரில் ஓர் அட்டவணை ஏறும். ஐந்து மணிக்கு யோகா, ஆறு மணிக்கு நடை, ஏழு மணிக்கு முளைகட்டிய பயறு. நான்காம் நாள் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சோம்பல் அதற்குக் காரணமில்லை, வரிசை தவறியதுதான் காரணம். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தவரால் ஐந்து மணிக்கு யோகா செய்ய முடியாது. தூக்கம் சரியானால் நடை வரும், நடை வந்தால் பசி சரியாகும், இவை மூன்றும் நின்றபின் மனசு பாதி தேறிவிடும்.

கீழே உள்ளது அந்த வரிசை. சிறு வீடு, நான்கு பேர், ஒரே ஒரு நல்ல கைபேசி உள்ள குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது. எவ்வளவு நாளுக்குத் திட்டமிடுவது? அறிவித்த நாளைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது சொன்ன கணக்கு 21 நாள், பிறகு அது நீண்டுகொண்டே போனது. அதை நம்பி 21 நாளுக்கு மட்டும் மாத்திரை வாங்கியவர்கள் திண்டாடினார்கள்.

1. முதல் நாள்: மருந்துப் பெட்டி

அரிசி பருப்புக்கு முன்னால் இதைப் பாருங்கள். தொற்று வராவிட்டாலும், பிபி மாத்திரையோ இன்சுலினோ நின்றுபோனால் பெரியவர்கள் விழுந்துவிடலாம்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் 45 நாளுக்கு இருப்பு வையுங்கள். ஒரு தாளில் நான்கு விவரம் எழுதி பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள்: மருந்தின் வேதிப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த நாளோடு தீரும். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால், அந்தக் கம்பெனி சரக்கு வராத வாரத்தில் கடைக்காரர் "இல்லை" என்று சொல்லிவிடுவார். வேதிப்பெயர் இருந்தால் மருத்துவரைப் போனில் கேட்டு வேறு கம்பெனியில் அதையே வாங்கலாம். 10 நாள் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, இருப்பு தீரப்போகிறது என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது. பிபி, வலிப்பு, தைராய்டு, மனநல மருந்துகளில் இதைச் செய்யவே கூடாது. சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி மேலுறை போட்டவை. உடைத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கும்.

பிரிக்காத இன்சுலினைப் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃபிரீசருக்கு அடியில் வைத்தால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. நீண்ட நேரம் மின்சாரம் போனால், ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சிறு மண்பானையை இறக்கி, அதற்குள் உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

இவற்றோடு வாங்கி வைக்க வேண்டியவை: டிஜிட்டல் தெர்மாமீட்டர், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர், பாராசிட்டமால் ஓர் அட்டை, வயிற்றுப்போக்கில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி நான்கு பாக்கெட், மாற்று பேட்டரி. ஓ.ஆர்.எஸ். கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள்.

2. பிபியும் சுகரும் வீட்டிலேயே பார்ப்பது

மாதாந்திரப் பரிசோதனை நின்றுவிடும். ஆகவே வீட்டு அளவைத்தான் மருத்துவரிடம் போனில் சொல்ல முடியும். அது தவறாக இருந்தால் மருந்தும் தவறிப்போகும்.

பிபி பார்க்கும் முன் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் இரண்டும் தரையில், கை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில். கால்மேல் கால் போட்டாலோ, சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்த்தாலோ அளவு கூடும். சட்டைக்கையின்மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் பார்க்கும்போது தொடர்ந்து 135/85-க்கு மேல் வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஒருநாள் கூடியதற்காகப் பதறி இன்னொரு மாத்திரை போடக் கூடாது.

சர்க்கரை நோய்க்காரருக்கு ஊரடங்கில் வரும் எதிர்பாராத சிக்கல் தாழ்சர்க்கரை. சாப்பாடு குறைந்திருக்கும், மாத்திரை பழைய அளவிலேயே இருக்கும். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

3. எழும் நேரத்தைக் கட்டுங்கள், படுக்கும் நேரத்தை அல்ல

இதுவரை நம் நாளைக் கட்டி வைத்திருந்தது பள்ளி வேனும் ஏழரை மணி பஸ்சும் பால்காரர் மணியும்தான். அவை நின்றவுடன் தினம் அரைமணி நேரம் பின்னுக்கு நகர்ந்து, இரண்டு வாரத்தில் காலைச் சாப்பாடு பதினொரு மணிக்குப் போய்விடும்.

இதைச் சரிசெய்யப் பலரும் "இன்றிலிருந்து பத்து மணிக்குப் படுத்துவிடுவேன்" என்று தொடங்குகிறார்கள். தூக்கம் வராமல் படுக்கையில் புரண்டால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிக்கொள்ளும். அதற்கு மாறாக எழும் நேரத்தை மட்டும் பிடியுங்கள். 6.30 என்றால் தினமும் 6.30, இரவு எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும், ஞாயிறானாலும். முதல் மூன்று நாள் பகலில் கண் சொருகும். பொறுத்துக்கொண்டால் நான்காம் நாளிலிருந்து தூக்கம் தானாகவே முன்கூட்டி வரத் தொடங்கும்.

பகல் தூக்கம் 20 நிமிடம், மூன்று மணிக்குள். அலாரம் வையுங்கள். கடைசி காபியோ டீயோ மதியம் மூன்றுக்கு முன்பு. குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயங்காலக் காபி விட முடியாதவர்கள் அந்த வேளைக்குச் சுக்குமல்லி வைத்துக்கொள்ளலாம். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, மங்கிய விளக்கில் கீரை ஆய்வது, துணி மடிப்பது மாதிரி சலிப்பான வேலை ஏதாவது செய்யுங்கள். கண் சொருகும்போது மட்டும் திரும்பிப் போய்ப் படுங்கள்.

4. எழுந்தவுடன் வெளிச்சம்

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடம் வெட்டவெளி வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். மொட்டைமாடி, வாசற்படி, பால்கனி, எதுவும் இல்லையென்றால் கிழக்கு ஜன்னலைத் திறந்து அதன் பக்கத்தில். மேகமூட்டமான காலையில்கூட வெளியே உள்ள வெளிச்சம் ட்யூப்லைட் வெளிச்சத்தைப்போல் பல மடங்கு. இரவு தூக்கம் எப்போது வரவேண்டும் என்று உடம்பு தீர்மானிப்பது இந்தக் காலை வெளிச்சத்தை வைத்துத்தான்.

இந்த வெயிலே வைட்டமின் டி-யும் தரும் என்று நினைப்பது தவறு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயிலில்தான் அது தோலில் உருவாகும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் அந்த நேரத்து மொட்டைமாடி சுட்டெரிக்கும். பதினொரு மணிவாக்கில் கையும் காலும் படும்படி 15 நிமிடம், தலையில் துண்டோடு, செருப்போடு. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே நின்று காய்ந்தால் பலனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் ஆறு மணிக்கே மொட்டைமாடி ஏறினால் கூட்டமாகிவிடும். வீட்டுக்கு அரைமணி என்று எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். சண்டையும் வராது, தொற்றும் குறையும்.

5. ஒரே கூடத்தில் நான்கு பேர்: இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரியுங்கள்

தனியறை இல்லாத வீட்டில் எரிச்சலுக்கு முதல் காரணம் சத்தம், இரண்டாவது தனிமை கிடைக்காதது. ஒரு நாளில் ஒவ்வொருவருக்கும் 45 நிமிடம் "என் நேரம்" என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவரை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. அம்மாவுக்கும் இது உண்டு. பெரும்பாலான வீடுகளில் திட்டம் முறிவது இங்கேதான். எல்லோரும் வீட்டிலிருந்தால் மூன்று வேளை சமையல் ஐந்து வேளையாகிறது, பாத்திரம் இரண்டு மடங்காகிறது, அது முழுவதும் ஒரே ஆள்மேல் விழுகிறது. மூன்றாவது வாரம் அவர் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும். ஒருவர் தேய்க்க, ஒருவர் கழுவ, ஒருவர் துடைக்க என்று முதல் வாரத்திலேயே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் மெத்தையில் சாய்ந்துகொண்டு லேப்டாப்பை மடியில் வைத்தால் பத்து நாளில் கழுத்து பிடிக்கும். திரையின் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்துக்கு வரவேண்டும். கவிழ்த்த எவர்சில்வர் தூக்கோ தடித்த புத்தகங்களோ போதும், ஆனால் உயர்த்திய லேப்டாப்பில் தட்டச்சு செய்தால் தோள் வலிக்கும். 400, 500 ரூபாய்க்குத் தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்வது நல்லது. முழங்கை உடம்பை ஒட்டி, மடிப்பு ஏறக்குறைய செங்கோணத்தில். கால் தரையில் எட்டாவிட்டால் மணைப்பலகை.

6. அசைவு: நடையும் பலமும் தனித்தனி

வளர்ந்தவருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான அசைவும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடையைப் பலரும் செய்கிறார்கள். தசைப் பயிற்சி விட்டுப்போகிறது. அறுபதைத் தாண்டியவர் இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்தே இருந்தால் தொடைத்தசை இளைத்து, ஊரடங்கு முடிந்தபின் பஸ் படி ஏறக் கஷ்டப்படுவார்.

நடையை மூன்றாக உடையுங்கள். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம். ஒரே மூச்சில் அரைமணி நடப்பதைவிட இது வீட்டுக்குள் எளிது, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையையும் அமுக்கும். கூடத்தில் வட்டமாகவே சுற்றினால் ஒரு முழங்காலில் மட்டும் பாரம் விழும், தலையும் சுற்றும். இரண்டு நாற்காலிகளை எட்டடி இடைவெளியில் போட்டு எட்டு வடிவத்தில் நடங்கள். பாதி நேரத்தில் திசையை மாற்றுங்கள்.

தசைக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள், 15 நிமிடம்:

நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, 10 தடவை. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்ட பிறகே தொடங்குங்கள். எழும்போது மூச்சை விடுங்கள், அடக்கினால் பிபி ஏறும்.

சுவரில் உள்ளங்கை ஊன்றி மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புவது, 10 தடவை. கால் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்கட்டும். எளிதாகிவிட்டால் சுவருக்குப் பதில் உறுதியான மேசை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை. கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் கால் வீங்குவது இது வேலை செய்யாததால்தான்.

5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து 2 நிமிடம் நடப்பது. முதுகுவலி இருப்பவர்கள் இரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

கடைசியாகச் சுவரருகே ஒற்றைக்காலில் 20 விநாடி நிற்பது, கால் மாற்றி இன்னொரு முறை.

இந்த வரிசையை மூன்று சுற்று. முதல் வாரம் ஒரு சுற்று மட்டும் செய்யுங்கள். உற்சாகத்தில் முதல்நாளே நூறு தோப்புக்கரணம் போட்டவர் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் அத்தோடு விட்டுவிடுவார். மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் அடங்கவில்லையென்றால் 108.

7. சமையலறைக் கணக்கு

ஊரடங்குச் சாப்பாட்டில் அரிசி கூடும், பருப்பு குறையும். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை, இடையில் முறுக்கு. வயிறு நிறையும், உடம்புக்குப் புரதம் போதாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் அரிசியில் 22 கிராம் கிடைக்கும். 60 கிராம் பருப்போ பயறோ 14 கிராம், ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் தயிர் 6 கிராம். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய வந்துவிடுகிறது. இதில் பருப்பும் முட்டையும் தவறினால் 20 கிராம் குறைந்துவிடும். ஆளுக்கு 60 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் 7 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு என்று கலந்து வாங்குங்கள்.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர், உப்பு ஆளுக்கு 150 கிராம். நால்வருக்கு 2 லிட்டர் எண்ணெய், 600 கிராம் உப்பு என்று தனி டப்பாவில் எடுத்து வைத்தால் எந்தத் தேதியில் தீர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஊறுகாய், அப்பளம், வற்றலில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வராது. பிபி உள்ள வீட்டில் இவற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

காய்கறி வண்டி வாரம் ஒருமுறைதான் என்றால் எதை முதலில் சமைக்கிறோம் என்பது முக்கியம். முதல் இரண்டு நாள் கீரை, கொத்தமல்லி, வெண்டை. அடுத்த இரண்டு நாள் கத்தரி, அவரை, புடலை. அதன்பின் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். கடைசிக்குச் சேனை, கருணை, வெட்டாத பூசணி. கீரையைக் கழுவாமல் காம்போடு செய்தித்தாளில் சுருட்டி வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் அழுகும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் உருளை சீக்கிரம் முளைவிடும்.

நொறுக்குத்தீனி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் அளவே தெரியாது. சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். பசியா சலிப்பா என்று தெரியாதபோது ஒரு டம்ளர் மோர் குடித்துப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

8. செய்திக்கு வேளை

காலை ஒன்பதுக்குப் பிறகு 15 நிமிடம், மாலை ஏழுக்கு 15 நிமிடம். எழுந்தவுடனும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வேண்டாம். மரண எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது, தூக்கத்துக்காக 3-ஆம் பகுதியில் சொன்னபடி செய்த வேலையெல்லாம் வீணாகும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வைத்தியக் குறிப்புகள் குவியும். "சித்தப்பா, இது பொய்" என்று எல்லோர் முன்னிலும் சொன்னால் அவர் அதற்காகவே இன்னும் இரண்டு அனுப்புவார். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மூன்று வகையை மட்டும் கட்டாயம் தடுக்க வேண்டும்: மருந்தை நிறுத்தச் சொல்வது, கடையில் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடச் சொல்வது, ரசாயனம் எதையாவது குடிக்கவோ முகரவோ சொல்வது. கபசுரக் குடிநீர், மிளகு ரசம் எல்லாம் மருந்தோடு சேர்த்து இருக்கலாம், மருந்துக்குப் பதிலாக இருக்கக் கூடாது.

9. மனசு: இறுக்கம் எப்படி வரும், என்ன செய்வது

ஒரு மாலை திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல் நுனி மரத்துப்போகும். நோய் வந்துவிட்டது என்று தோன்றும். ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 98 காட்டும், அதாவது ஆக்சிஜன் குறையவில்லை. பதற்றத்தில் மேல்மூச்சாக வேகமாக இழுப்பதால் வருவது இது. மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள், 6 எண்ணும்வரை வாயால் விடுங்கள், ஒரு கை தொப்புள்மேல். 5 நிமிடத்தில் அடங்கும். ஆழமாக இழுக்கிறேன் என்று பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் இன்னும் மோசமாகும். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் வேலை செய்கிறது. ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய்க்காரர் என்றால் முதலில் இதயமாக இருக்கலாம் என்று நினையுங்கள். வியர்வையோடு நெஞ்சில் பாரம் இருந்தால் மூச்சுப்பயிற்சியில் நேரம் கடத்த வேண்டாம்.

கவலைக்கு ஒரு வேளை ஒதுக்குங்கள், மாலை ஐந்தரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் நாளை செய்யக்கூடிய ஒரு காரியம். "வாடகை" என்றால் "வீட்டுக்காரர் அண்ணனிடம் பாதி இப்போது, பாதி அடுத்த மாதம் என்று பேசுவது". எதுவும் செய்ய முடியாத கவலைக்கு நேரே ஒரு கோடு. மற்ற நேரத்தில் அந்தக் கவலை வந்தால் "ஐந்தரைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிவிடலாம். மறக்கச் சொன்னால் மூளை கேட்காது, தள்ளிவைக்கச் சொன்னால் ஓரளவு கேட்கும்.

மனம் சோர்ந்தவரிடம் "தைரியமா இரு" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு மூன்றே மூன்று கேளுங்கள்: குளித்து மாற்றுத்துணி உடுத்துவது, கையால் முடிக்கும் ஒரு சின்ன வேலை, வெளியே உள்ள ஒருவரோடு பேச்சு. மனசு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். செய்யத் தொடங்கியபின்தான் மனசு வரும்.

தூக்கமின்மையும் அழுகையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவ உதவி தேவை. 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், 104-லும் ஆலோசனை கிடைக்கும், இரண்டுக்கும் கட்டணமில்லை. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரி ஒருவர் சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பூச்சிமருந்து, மாத்திரைப் பெட்டி, கயிறு இவற்றை அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே அடி உதை என்றால் ஊரடங்கு உங்களைக் கட்டிப்போடாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. கைபேசி கையில் கிடைக்காது என்பதால் எதிர்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே ஓர் அடையாளம் சொல்லி வையுங்கள், பால்கனியில் சிவப்புத் துண்டு காய்ந்தால் அவர் போன் செய்ய வேண்டும் என்பதுபோல.

10. குடி திடீரென்று நின்ற வீடு

மதுக்கடை மூடியதும் "நல்லதாப் போச்சு, தானா விட்டுடுவாரு" என்று வீட்டார் நினைப்பார்கள். பல வருடம் தினமும் குடித்தவருக்கு இது உயிர் ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்ப்பதும் பிதற்றுவதும். இது நடிப்பு அல்ல, மூளையில் நடக்கும் மாற்றம்.

நடுக்கம் தொடங்கிய அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், வலிப்போ குழப்பமோ வந்தால் 108. மருத்துவ அவசரத்துக்குப் போவதை ஊரடங்கு தடுக்காது. அறைக்குள் பூட்டி வைப்பதும், கள்ளச்சந்தையில் எதையாவது வாங்கிக் கொடுப்பதும் இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. சானிடைசர், வார்னிஷ் மாதிரியானவற்றில் மெத்தனால் இருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

11. தனியே இருக்கும் பெரியவர்கள், வீட்டிலிருக்கும் பிள்ளைகள்

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் தினம் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். "சாப்பிட்டியாம்மா?" என்றால் "ஆச்சுப்பா" என்றுதான் பதில் வரும், காலையிலிருந்து பட்டினி கிடந்தாலும். "இன்னைக்கு என்ன குழம்பு வச்சே?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துவிடும். "மாத்திரை அட்டையில இன்னும் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லேன்" என்றால் கண், கை, நினைவு மூன்றும் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பேச்சு திடீரென்று குழறினாலோ, நேரம் காலம் குழம்பினாலோ அது தனிமையின் ஏக்கம் என்று விட்டுவிடாமல் பக்கத்து வீட்டாரை உடனே அனுப்புங்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு மூன்று நங்கூரம் போதும்: எழும் நேரம், பாட நேரம், ஓடியாடும் நேரம். கைபேசி ஒன்றுதான் என்றால் கல்வித் தொலைக்காட்சியின் நேரத்தைப் பார்த்து அதற்கேற்ப அண்ணன் தங்கை முறையை வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்துத் தென்னை மரத்தை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள், பயத்தைச் சொல்லத் தெரியாதபோது உடம்பு சொல்லும் விதம் அது.

12. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

காற்றோட்டமுள்ள அறை, இல்லாவிட்டால் ஜன்னலோரம். நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் இருவருமே முகக்கவசம் அணிய வேண்டும். ஒரே ஆள் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். தட்டு, டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், தூக்கி எறிய வேண்டியதில்லை. கழிவறை ஒன்றே என்றால் நோயாளி கடைசியில் போகட்டும், பிறகு பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், எழும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

ஆக்ஸிமீட்டர் பார்க்கும் முன் 5 நிமிடம் ஓய்வு. விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருக்கக் கூடாது. விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். மாட்டியவுடன் வரும் எண்ணைப் படிக்காமல், ஒரு நிமிடம் பொறுத்து நிலைத்த எண்ணை எழுதுங்கள். ஒரு நாளில் நான்கு முறை. 95-உம் அதற்கு மேலும் நல்லது. 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். உட்கார்ந்திருக்கையில் அளவு நன்றாக இருந்தால், அறைக்குள் 6 நிமிடம் நடந்து மறுபடி பாருங்கள். வயதானவருக்கு 3 நிமிடம் போதும். 3 புள்ளிக்கு மேல் குறைந்தால் அது முன்னெச்சரிக்கை.

அறிகுறி தொடங்கிய நாளை எழுதி வைப்பது மிக முக்கியம். கொரோனாவில் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரைதான் அதிகக் கண்காணிப்பு வேண்டிய காலம். காய்ச்சல் விட்டது என்று ஆறாம் நாள் அளவு பார்ப்பதை நிறுத்திவிடுவது பெரிய தவறு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஆறு மணி நேர இடைவெளியில். ஆக்சிஜன் குறையாதவர் முதல் நாட்களிலேயே ஸ்டீராய்டு சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி அடங்கிப்போகும், சர்க்கரையும் எகிறும். 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியதில் இதற்கும் பங்குண்டு.

அளவு குறைந்து ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுக்க வையுங்கள். கழுத்துக்கு ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றோ இரண்டோ, கணுக்காலுக்குச் சற்று மேலே, காலுக்கு அடியில் இரண்டு. முதுகுப்புற நுரையீரல் விரிந்து ஆக்சிஜன் கொஞ்சம் ஏறும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். கர்ப்பிணிகள், தீவிர இதய நோயாளிகள், முதுகெலும்பு முறிந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது.

13. திறந்த பிறகு முதல் வாரம்

கொரோனா வந்து தேறியவர் உடனே பழைய ஓட்டத்துக்குப் போகக் கூடாது. அறிகுறி முழுதும் நின்றபின் இரண்டு வாரமாவது மெதுநடை மட்டும். நடக்கையில் பேச முடிகிற வேகம்தான் அளவு.

சர்க்கரை நோய்க்காரர் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையும் கண், பாதப் பரிசோதனையும் முடித்துவிடுங்கள். பிபி நோட்டை மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கண் பார்க்க வேண்டும், திரை நேரம் கூடிய வருடத்தில் கண்ணாடியின் பவர் கூடியிருக்கலாம். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட தவணையிலிருந்து தொடரலாம். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அவர்கள் தடுப்பூசி போடும் நாளில் போங்கள்.